மூன்று முறை போகாத சுற்றுலா

எங்கள் வகுப்பு தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போகாத கதையைத்தான் முதலில் சொல்லவேண்டும். போன கதை பிறகு வரும். போகாதது ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் அப்போது நான் ஆறாம் வகுப்பு. யுத்தத்துக்கு எங்கள் எல்லோரையும்விட வயது கூட. வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பக்கத்திலேயே பிறந்தவர்கள். துறைமுக வேலைக்காரரின் பிள்ளைகள், ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளில் இருந்து கூட்டமாக நடந்து வருகிறவர்கள், கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள். மீதிப் பேர் வடக்கில் இருந்து வந்து, லொட்ஜ் அறைகளிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் நெருக்குப்பட்டுக்கொண்டு இருந்தார்கள். எங்கள் வீடு இரண்டுங்கெட்டான். அப்பா கொட்டாஞ்சேனை ஆள், துறைமுகத்தில் கிளார்க். அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து கலியாணம் முடித்து வந்தவர்.

முதல் தடவை, போகிற நாளுக்கு முதல்நாள் நகரத்தில் எங்கேயோ குண்டு வெடித்தது. பாடசாலையை மூடிவிட்டார்கள். இரண்டாம் தடவை பஸ்ஸே வந்துவிட்டது. நாங்கள் ஏறி, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை பிடித்து, நான் வென்று, உட்கார்ந்தும் விட்டேன். யாரோ பெரிய மனிதர் போகிறார், காலி வீதி பூட்டு என்று செய்தி வந்தது. இறக்கிவிட்டார்கள். வென்ற சீட்டில் இருந்து இறங்குவது எவ்வளவு அவமானம் என்று, தோற்றவர்களுக்குத் தெரியாது. மூன்றாம் தடவை எந்தக் குண்டும் வெடிக்கவில்லை. இனிமேல் சுற்றுலா என்றால் கல்விப் பணிப்பாளரின் அனுமதி வேண்டும் என்று மேலிடத்தில் இருந்து சொல்லிவிட்டார்கள். எங்கள் விண்ணப்பம் போனது, போன இடத்திலேயே படுத்துக்கொண்டது.

நான் அந்த வயதிலேயே கோபக்காரி. யானையைப் பார்க்க ஒரு மனிதரின் கையெழுத்து எதற்கு என்று வீட்டில் கத்தினேன். அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே, "யானைக்கும் பொலிஸ் ரிப்போர்ட் இருக்கோ தெரியாது" என்றார். கொழும்பில் தமிழர் எல்லோரும் பொலிஸில் பதிந்து அந்தத் துண்டைக் கையில் வைத்திருக்கவேண்டிய காலம், அவருக்கு எல்லாம் பகிடி.

ஆனால் நாங்கள் யாரும் நம்பிக்கையை விடவில்லை. அதற்கு அத்தாட்சி எங்கள் புத்தகப் பைகளில் இருந்தது. பஸ்ஸில் போனால் குமட்டிச் சத்தி வரும். சத்தி வராமல் இருக்க எலுமிச்சையை, எங்கள் தேசிக்காயை, மணந்துகொண்டு போகவேண்டும். அதையும் மீறி வந்தால் ஒரு சொப்பிங் பை வேண்டும். இது கொழும்பில் தாய்மார் எல்லோருக்கும் பாடம். எந்த நேரத்தில் "போகலாம்" என்று சொல்வார்களோ, எந்த நேரத்தில் "இல்லை" என்பார்களோ தெரியாத காலம் ஆகையால், முதல் தடவை வைத்ததை நாங்கள் வெளியே எடுக்கவே இல்லை. வகுப்பில் ஒவ்வொருத்தியின் பைக்குள்ளும், கணக்குக் கொப்பிக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் இடையில், ஒரு தேசிக்காயும் மடித்த சொப்பிங் பையும் கிடந்தன. காய்ந்து போனால் அடுத்த காய் மாற்றுவோம். நான் சோம்பேறி, மாற்றவில்லை. என்னுடையது பாக்குப் போலச் சுருங்கிக் கறுத்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் பணிப்பாளர் எங்கள் பாடசாலையைப் பார்வையிட வருகிறார் என்று அறிவித்தார்கள்.

அதிபர் ஒரு கன்னியாஸ்திரி. நாங்கள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் சொல்வோம். அவர் அசெம்பிளியில் நேராகவே சொன்னார்: "வாறவர்தான் எங்கட ட்ரிப்புக்குக் கையெழுத்து வைக்கவேண்டியவர். ஆறாம் வகுப்புக்குத்தான் கூட்டிக்கொண்டு வரப்போறன். மானத்தைக் காப்பாத்துங்கோ பிள்ளையள்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் பாடசாலை கலியாண வீடு. மரங்களின் அடிக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். எப்போதும் பூட்டிக் கிடக்கும் விஞ்ஞான அலுமாரியைத் திறந்து, நாங்கள் தொட்டே பார்க்காத நுணுக்குக்காட்டியை, தினமும் தொடுகிறவர்கள் மாதிரி மேசையில் வைத்தார்கள். ஏழாம் வகுப்பின் உலகப்படம் எங்கள் சுவருக்கு வந்தது. வகுப்பு டீச்சர் கேள்விகளைப் பங்கு வைத்தார். இது உனக்கு, இது உனக்கு என்று. எனக்குக் கிடைத்தது, "இலங்கையின் மிக நீளமான ஆறு எது?" ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கேள்வி. எனக்குப் பின்னால் இருந்தவளுக்கு ஒளித்தொகுப்பைக் கொடுத்துவிட்டு எனக்கு மகாவலியைத் தந்தது என்னைக் கேவலப்படுத்துகிற வேலை என்று நினைத்தேன். ஆனாலும் யானைக்காக மகாவலியைச் சுமந்தேன். குளிக்கும்போதும் "மகாவலி கங்கை, சேர்" என்று சொல்லிப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தோம். எழுந்து நிற்பது, கைகூப்புவது, மூன்று பாஷையில் வணக்கம் சொல்வது, இருப்பது. ஒன்றை மட்டும் யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. யாருக்கும் அது தோன்றவும் இல்லை.

அன்றைக்குக் காலை வாகனம் வந்த சத்தம் கேட்டது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். வராந்தாவில் சப்பாத்துச் சத்தம். பிறகு வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். காக்கிச் சேர்ட், காக்கி நீளக்காற்சட்டை, பெரிய மீசை.

யார் முதலில் எழுந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் ஒன்றாகத்தான் எழுந்தோம் என்று நினைக்கிறேன். வணக்கம் சொல்லவில்லை. காலுக்குக் கீழே இருந்த பைகளைத் தூக்கி மேசையில் வைத்தோம். ஸிப்பை இழுத்து வாயை விரித்துத் திறந்தோம். கழுத்தில் தொங்கிய மாணவர் அடையாள அட்டையை முன்னுக்கு இழுத்து, கையில் பிடித்துக்கொண்டு, பையில் இருந்து ஓர் அடி தள்ளி நின்றோம். சந்தியில் ஒரு தரம், பாடசாலை வாசலில் ஒரு தரம், சில நாள் வீட்டுப் படியிலேயே ஒரு தரம் என்று செய்து செய்து கைக்குப் பழகிப்போன வேலை. யாரும் சொல்லவேண்டியதில்லை. லொட்ஜில் இருந்து வந்த ஒருத்தி சாப்பாட்டுப் பெட்டியின் மூடியையும் கழற்றி வைத்துவிட்டாள். அவளுக்கு எங்களைவிட அனுபவம் கூட.

மீசைக்காரர் திகைத்துப்போனார். அவருடைய ஒரு கையில் குடை, மற்றக் கையில் பணிப்பாளரின் தோல்பை.

"அனே மிஸ், மம ட்ரைவர் விதரை," என்றார் டீச்சரிடம். ஐயோ மிஸ், நான் வெறும் ட்ரைவர்தான். பாவம், அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. சாமானை வைத்துவிட்டுப் போக வந்த மனுசன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்களுக்குக் காக்கி எல்லாம் பொலிஸ்.

அவருக்குப் பின்னால் பணிப்பாளர் நின்றார். வெள்ளைச் சேர்ட், தடித்த கண்ணாடி, சிங்களவர். அவருக்குப் பின்னால் சிஸ்டர். சிஸ்டரின் முகம் அவருடைய உடுப்பை விட வெள்ளையாகிவிட்டது. டீச்சர் "பைகளைக் கீழ வையுங்கோ, கீழ வையுங்கோ" என்று கிசுகிசுத்தார். அதற்குள் பணிப்பாளர் உள்ளே வந்துவிட்டார். திறந்திருந்த பைகளைப் பார்த்துக்கொண்டே மேசைகளுக்கு நடுவே நடந்தார்.

கெட்டது காரியம் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஒரு வாரச் சுண்ணாம்பும் உலகப்படமும் வீண். இனி ஜென்மத்துக்கும் கையெழுத்து வராது.

அவர் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். என் பைக்குள் கையை விட்டு, பாக்குப் போலக் கிடந்த அந்தச் சாமானை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். "தெஹி?" என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு பக்கத்து மேசைப் பையைப் பார்த்தார். அதிலும் தேசிக்காய். முன் மேசையில் தேசிக்காய். பின் மேசையில் இரண்டு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு விளங்கட்டும் என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"எல்லா பேக்லயும் தேசிக்காய் இருக்கு. ஏன்?"

டீச்சர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் பொய் சொல்லமாட்டார், உண்மையைச் சொல்லவும் அவருக்கு வெட்கம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"ட்ரிப்புக்கு சேர்," என்றேன். "பஸ்ஸில சத்தி வரும். அதுக்குத்தான் வச்சிருக்கிறம். மூண்டு தரம் போகேல்ல. நீங்கள் கையெழுத்து வைக்கேல்ல."

சிஸ்டர் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். நான் சொன்னதைப் பணிப்பாளர் முழுக்க விளங்கிக்கொண்டாரா என்று இன்றைக்கும் தெரியாது. கையெழுத்து என்ற சொல் கட்டாயம் விளங்கியிருக்கும். கையில் இருந்த காய்ந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

"பேக் திறக்க யார் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லையே. நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். சாப்பாட்டுப் பெட்டி திறந்தவள்தான், தலையைக் குனிந்துகொண்டு, "பழக்கம் சேர்" என்றாள்.

அவர் போய் டீச்சரின் கதிரையில் இருந்தார். மகாவலியைக் கேட்கவில்லை. ஒளித்தொகுப்பைக் கேட்கவில்லை. நுணுக்குக்காட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிஸ்டரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். சிஸ்டர் பதில் சொன்னார். ட்ரைவரிடம் இருந்து தோல்பையை வாங்கி, கடிதத்தாள் எடுத்து, அந்த இடத்திலேயே எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுத்தார். போகும்போது என் தேசிக்காயை என் பைக்குள் திரும்பப் போட்டார்.

அவரை நான் தெய்வமாக்கப் போவதில்லை. எங்கள் விண்ணப்பம் மாதக்கணக்காகக் கிடந்ததும் அவருடைய மேசையில்தான். ஆனால் அன்றைக்கு அவர் ஒரு சொல்லும் அதிகம் பேசாமல் அதைச் செய்தார். அந்தப் பேசாமைக்காக எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

நாங்கள் குதித்தோம். டீச்சர் அழுதார். ட்ரைவர் வாசலில் நின்று எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். இனி என்ன, போகவேண்டியதுதான் என்று நினைத்தோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. எங்கள் பூசாரிகள் வீட்டில் இருந்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் தாய்மார் ஒவ்வொருவராக எழும்பி, வேண்டாம் என்றார்கள். அதுவரை எல்லோரும் பணிப்பாளரைத் திட்டிக்கொண்டு இருந்தவர்கள்தான். அவர் மறுத்துக்கொண்டு இருந்தபோது இவர்களுக்கு வசதியாக இருந்திருக்கிறது. எங்கள் அம்மாவும் எழும்பினார். "பிள்ளையள் எல்லாரும் ஒரே பஸ்ஸில போய், ஏதும் நடந்தா ஆர் சிஸ்டர் பதில் சொல்லுறது?" என்று கேட்டார். கூட்டத்தில் நிறையத் தலைகள் ஆடின. நான் மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். அம்மாவில் எனக்கு வந்த ஆத்திரம், பணிப்பாளரில்கூட வந்தது கிடையாது.

அன்றைக்கு வீட்டில் சண்டை. அம்மா குசினியில் சொதிக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டு நின்றார்.

"ஏனம்மா வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்?"

"நீ ஸ்கூலுக்குப் போய்த் திரும்பி வாற அந்தத் துண்டு ரோட்டே எனக்குக் காணும். ஒவ்வொரு நாளும் நீ வந்து படலையைத் தட்டுமட்டும் எனக்கு உயிர் இல்லை. மிருகம் எங்க ஓடப்போகுது? சண்டை முடியட்டும், போய்ப் பாக்கலாம். மிருகம் அங்கேயே இருக்கும்."

"மிருகம் இருக்கும். நான் இருப்பனோ?"

அம்மாவின் அகப்பை அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வசனம் அது. அப்பா பகிடியாகக்கூடச் சொன்னதில்லை. அம்மா அடிப்பார் என்று நினைத்து ஓரடி பின்வாங்கினேன். அவர் அடிக்கவில்லை. சொதி பொங்கி அடுப்பில் ஊற்றியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதைச் சொன்னதற்காக நான் வருந்தியது கிடையாது. பதினொரு வயதில் எனக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

அடுத்த நாள் காலையில் அம்மா என்னோடு பாடசாலைக்கு வந்தார். சிஸ்டரின் அறைக்குள் போனார். நான் கதவுக்கு வெளியே.

"பிள்ளை போகட்டும் சிஸ்டர். ஆனா நானும் வருவன். போனா ரெண்டு பேரும் போவம். ஏதும் நடந்தா ரெண்டு பேருக்கும் நடக்கட்டும்."

சிஸ்டரின் சிரிப்புக் கேட்டது. "இது நல்ல யோசனையா இருக்கே. அப்ப எல்லா அம்மாமாரும் வரட்டும்."

அப்படித்தான் ஆறாம் வகுப்புச் சுற்றுலா, ஆறாம் வகுப்பு அம்மாமாரின் சுற்றுலா ஆகியது. ஒரு பஸ் இரண்டு பஸ் ஆனது. வெள்ளிக்கிழமை விடிய, பாடசாலை வாசலில் நல்ல சேலைகளும் பவுடர் முகங்களும் சோற்றுப் பார்சல்களுமாகத் தாய்மார் வந்து நின்றார்கள். கட்டுச்சம்பல் வாசம் தெருவைத் தூக்கியது. ஒரு முஸ்லிம் சிநேகிதியின் உம்மா பெரிய சட்டியில் இனிப்பான வட்டிலப்பம் செய்து மடியில் வைத்துக்கொண்டார். வழி முழுக்க அந்தச் சட்டிக்கு நாங்கள் எல்லோரும் காவல்.

கோட்டை தாண்டும்போது ஒரு தரம் நிறுத்தினார்கள். ஆமிக்காரன் ஒருவன் ஏறிப் பார்த்தான். வயது இருபதுகூட இருக்காது. தாய்மார் அடையாள அட்டைகளை நீட்ட, அவன் வட்டிலப்பச் சட்டியைப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். "ஸூ எக்கட்ட," ஸூவுக்கு, என்று நாங்கள் சின்னவர்கள் எல்லோரும் கத்தினோம். அவன் சிரித்துவிட்டு இறங்கிப் போனான்.

காலி வீதி வந்ததும் நாங்கள் பாடத் தொடங்கினோம். தாய்மார் எல்லோரும் ஒரே நேரத்தில் "உஷ்" என்றார்கள். வாடகைக்கு எடுத்த பஸ், உள்ளே இருந்ததெல்லாம் நாங்கள், இருந்தும் உஷ். எனக்கு இது பழகிய விஷயம். கொட்டாஞ்சேனை தாண்டினால் அம்மா பேசமாட்டார். வெளியில் தமிழ் காதில் விழக்கூடாது. கடைகளில் விலை கேட்கத் தெரிந்த அளவு சிங்களம், எனக்குச் சொல்லவேண்டியது எல்லாம் கண்ணால். நான் மட்டும் "அம்மா" என்று கூப்பிடலாம், அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் பொது. மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு. வெள்ளவத்தையில் மட்டும், தமிழ்க் கடைப் பலகைகளைக் கண்டதும், தாய்மார் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து "இஞ்ச மரக்கறி மலிவாம்" என்று தங்களுக்குள் கதைத்தார்கள். வெள்ளவத்தைக்கு அப்பால் பாலத்தைத் தாண்டியதும் திரும்ப மௌனம்.

மிருகக்காட்சிச்சாலைக்குள்ளும் அப்படியே. வேறு பாடசாலைப் பிள்ளைகள், சிங்களக் குடும்பங்கள், வெள்ளைக்காரர் என்று நல்ல கூட்டம். எங்கள் தாய்மார் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு மரத்தடியில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளை எண்ணுவார்கள், திரும்ப எண்ணுவார்கள். சிங்கம் கர்ச்சித்தபோது பாதிப் பேர் "யேசுவே" என்று குந்திவிட்டார்கள். வெடிச்சத்தம் கேட்டால் குந்துவது மாதிரி. பிறகு வெட்கப்பட்டு எழும்பிச் சேலையைத் தட்டினார்கள்.

நான் சிநேகிதிகளோடு யானையிடம் போய்விட்டேன். இவ்வளவு பாடுபட்டு வந்த யானை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நானும் பிடிவாதமாக நின்றேன். திரும்பட்டும், இல்லாவிட்டால் போகமாட்டேன் என்று. அந்த நேரத்தில்தான் எனக்குப் பின்னால், கூட்டத்துக்கு மேலால், ஒரு குரல் வந்தது.

"எடி பிள்ளை! இஞ்ச ஓடி வாடி! ஓடி வா!"

அந்தக் குரலை நான் வெளியில் கேட்டதே இல்லை. ஏதோ நடந்துவிட்டது என்று திரும்பினேன். ஒட்டகச்சிவிங்கியின் வேலிக்குப் பக்கத்தில் அம்மா நின்றார். சேலைத் தலைப்பு நழுவியிருந்தது, கைப்பை எங்கேயோ காணோம். ஒரு கையால் வேலியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு மேலே, அந்தப் பெரிய கழுத்து வளைந்து இலையை இழுத்துக்கொண்டிருந்தது.

"நாக்கைப் பாரடி! ஐயோ, கறுத்த நாக்கடி இதுக்கு! எவ்வளவு நீளம் பாரன்!"

முழுத் தமிழில், முழுச் சத்தத்தில். கூட்டம் திரும்பியது. என் கண்ணால் "உஷ்" என்று சொல்லப் பார்த்தேன், அம்மா என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற சிங்களத் தாயொருத்தி, இடுப்பில் குழந்தையோடு, அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். அவளுடைய புருஷன் பார்த்தான். இன்னும் நிறையப் பேர் பார்த்தார்கள்.

பிறகு அவர்கள் எல்லோரும் அம்மாவின் கை காட்டிய பக்கம் நிமிர்ந்து, அந்த நாக்கைப் பார்த்தார்கள். அந்தத் தாய் தன் குழந்தையின் தலையைத் திருப்பி, அதற்கும் காட்டினாள்.

"என்னடி நிக்கிறாய்? வா எண்டு சொல்லுறனெல்லே!" அம்மா இன்னும் உரத்துக் கூப்பிட்டார்.

யானையை விட்டுவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு நான் ஓடினேன்.